வேளாங்கண்ணிக்குக் கிளம்பும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூரில் குடியிருப்பவனுக்கு வெளியூர் உறவுக்காரர்களிடமிருந்து வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி வேளாங்கண்ணியைப் பற்றியதாகவே இருக்கும். "எந்த வழியாக வருவது?" என்று ஆரம்பித்து "மொட்டை போட எவ்வளவு கேட்பார்கள்?" வரைக்கும் போகும். அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு போன காலத்திலிருந்து கணக்குப் பார்த்தால் நாற்பது முறையாவது அந்த ஊருக்குப் போயிருப்பேன். ஆளுக்கு ஆள் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துப் போனதால், வழக்கமாக வரும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன். விலாசம், கட்டணம் போன்ற அடிக்கடி மாறுகிற சங்கதிகளைத் தவிர்த்திருக்கிறேன்.

வேளாங்கண்ணி எங்கே இருக்கிறது? எப்படிப் போய்ச் சேர்வது?

நாகப்பட்டினத்துக்குத் தெற்கே 10 கிலோமீட்டர் சொச்சத்தில், வங்கக் கடலை ஒட்டி இருக்கிறது. தஞ்சாவூரிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர், திருச்சியிலிருந்து 150, சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக 330 என்று வைத்துக்கொள்ளுங்கள். விமானத்தில் வருபவர்களுக்கு வசதி திருச்சி.

ரயிலில் வருவதாக இருந்தால், நாகப்பட்டினத்திலிருந்து வேளாங்கண்ணிக்கு 2010 இறுதியில் கிளைப்பாதை திறந்தார்கள். எர்ணாகுளத்திலிருந்து நேரடி ரயில் உண்டு. திருவிழாக் காலத்தில் மும்பை, கோவா பக்கத்திலிருந்தும் சிறப்பு ரயில்கள் விடுவார்கள். மற்றபடி, சென்னை எழும்பூரிலிருந்து காரைக்கால் போகும் இரவு ரயிலில் ஏறி நாகப்பட்டினத்தில் இறங்கிவிடுங்கள். அங்கிருந்து பஸ்ஸுக்குக் காத்திருக்கவே வேண்டாம், ஒன்று போனால் இன்னொன்று வரும். அரை மணி நேரப் பயணம். "மாதா கோவில்" என்று சொன்னால் போதும், கண்டக்டர் சரியான இடத்தில் இறக்கிவிடுவார்.

யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு செய்தி. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் தொடங்கியது. மழைக்காலத்தில் நிறுத்திவிடுவார்கள். ஓடுகிறதா என்று விசாரித்துக்கொண்டு டிக்கெட் எடுங்கள்.

ஒரு நாள் போதுமா?

கோவிலை மட்டும் கும்பிட்டுவிட்டுத் திரும்புவதற்கு இரண்டு மணி நேரம்கூடப் போதும். பெரும்பாலான வேன்கள் அப்படித்தான் வந்து போகின்றன: விடியற்காலையில் கடலில் ஒரு முழுக்கு, கோவிலில் ஒரு மெழுகுவர்த்தி, ஒரு பொட்டலம் பேரீச்சம்பழம், பத்து மணிக்குள் வண்டியில் ஏறி நாகூர். என்னைக் கேட்டால் ஓர் இரவு தங்குங்கள். பகல்வண்டிகள் எல்லாம் போனபிறகு, மாலை ஏழு மணிக்கு மேல்தான் அந்த ஊர் தன் குரலில் பேச ஆரம்பிக்கிறது.

எந்த மாதத்தில் போகலாம்?

ஜனவரியும் பிப்ரவரியும் நல்லது. வெயில் ஏறியிருக்காது, கடல் காற்று இதமாக இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் பகல் பன்னிரண்டு மணிக்குக் கோவில் முற்றத்தில் வெறுங்காலோடு நடந்தால் நேர்த்திக்கடன் வைக்காமலேயே நிறைவேற்றியதுபோல ஆகிவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. நாகைக் கடற்கரைக்குப் புயல் புதிதல்ல. 2018 நவம்பரில் கஜா இந்தப் பக்கத்துத் தென்னைகளை வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. ஆகவே அந்த மாதங்களில் வானிலை அறிவிப்பைப் பார்க்காமல் புறப்பட வேண்டாம்.

சனி, ஞாயிறு, கிறிஸ்துமஸ், புத்தாண்டு, தவக்காலத்து வெள்ளி ஆகிய நாள்களில் கூட்டம் இருக்கும். செவ்வாய், புதன் என்றால் மாதாவின் முன்னால் நின்று நிதானமாகப் பேசிவிட்டு வரலாம்.

நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. போகலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் வேளாங்கண்ணியைப் பார்த்திராதவர்கள். அங்கே வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்பவர் நெற்றியில் திருநீறு இருக்கும், பின்னால் நிற்பவர் தலையில் முக்காடு இருக்கும். யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை.

ஒன்றிரண்டு முறைகள் மட்டும் உண்டு. செருப்பை வெளியே கழற்றிவிடுங்கள். திருப்பலி என்னும் பூசை நடக்கும்போது குறுக்கே நடந்து படம் எடுக்காதீர்கள். முக்கியமாக, பூசையின் கடைசிப் பகுதியில் எல்லோரும் எழுந்து வரிசையாகப் போய் நற்கருணை என்னும் மந்திரித்த அப்பத்தை வாங்குவார்கள். அது பிரசாதம் போன்றது என்று நினைத்துக்கொண்டு பலர் கையை நீட்டிவிடுகிறார்கள். அது கத்தோலிக்கர்களுக்கு மட்டும் உரியது. நீங்கள் உங்கள் இடத்திலேயே உட்கார்ந்திருந்தால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். மந்திரித்த எண்ணெய், தீர்த்தம், மெழுகுவர்த்தி எல்லாம் எல்லோருக்கும் பொது.

அப்படி என்ன வரலாறு இந்த ஊருக்கு?

எழுதப்பட்ட சான்றுகளைவிட வாய்வழிக் கதைகள்தான் இங்கே மூத்தவை. மூன்று கதைகள். நான் அவற்றை மனத்தில் பால், மோர், பீங்கான் என்று குறித்துவைத்திருக்கிறேன்.

முதல் கதை 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நடந்ததாகச் சொல்வார்கள். நாகப்பட்டினத்தில் இருந்த எஜமானர் வீட்டுக்குப் பால் கொண்டுபோகும் இடையர் குலத்துப் பையன், வெயிலுக்கு ஒதுங்கி ஒரு குளக்கரை ஆலமரத்தடியில் கண்ணயர்ந்தான். கையில் குழந்தையோடு ஒரு பெண் வந்து, பிள்ளைக்குக் கொஞ்சம் பால் கேட்டாள். கொடுத்தான். எஜமானர் வீட்டில் போய்ப் பால் குறைந்ததற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டே மூடியைத் திறந்தால், பானை விளிம்பு வரை பொங்கி வழிகிறது. அந்தக் குளம்தான் மாதா குளம்.

இரண்டாவது கதை, அந்த நூற்றாண்டின் இறுதியில். நடுத்திட்டு என்ற மேட்டில் உட்கார்ந்து வழிப்போக்கர்களுக்கு மோர் விற்றுக்கொண்டிருந்தான் கால் ஊனமான ஒரு சிறுவன். அவனிடமும் குழந்தையோடு ஒரு பெண் வந்து, பிள்ளைக்கு மோர் வாங்கிக் கொடுத்தாள். நாகப்பட்டினத்துக்குப் போய் அங்குள்ள ஒரு கத்தோலிக்கப் பெரியவரிடம், இந்த இடத்தில் எனக்கு ஒரு கோவில் கட்டச் சொல் என்றாள். தன்னால் நடக்க முடியாதே என்று யோசித்தவன் எழுந்து பார்த்தான், நடந்தான், பிறகு ஓடினான். அந்தப் பெரியவருக்கும் கனவில் அதே செய்தி கிடைத்திருந்ததாம். ஒரு கூரைக் கோவில் எழுந்தது. ஆரோக்கிய மாதா என்ற பெயர் வந்தது அதிலிருந்துதான்.

மூன்றாவது 17ஆம் நூற்றாண்டுக் கதை. சீனத்து மக்காவ் துறைமுகத்திலிருந்து இலங்கைக்கு வந்துகொண்டிருந்த போர்த்துக்கீசிய வணிகக் கப்பல் ஒன்று புயலில் மாட்டிக்கொண்டது. கரை சேர்ந்தால் சேர்ந்த இடத்தில் மாதாவுக்குக் கோவில் கட்டுகிறோம் என்று மாலுமிகள் நேர்ந்துகொண்டார்கள். கப்பல் ஒதுங்கியது வேளாங்கண்ணியில். அந்த நாள் செப்டம்பர் 8, மாதாவின் பிறந்த நாள். கூரையைப் பிரித்துவிட்டு 24 அடிக்கு 12 அடியில் கல்கட்டடம் எழுப்பினார்கள். திருவிழா இன்றும் செப்டம்பர் 8இல் முடிவதற்குக் காரணம் இதுதான்.

போர்த்துக்கீசியர்கள் அப்போது நாகப்பட்டினத்தில் வலுவாக இருந்தார்கள் என்பதையும் 1658இல் டச்சுக்காரர்கள் அந்தத் துறைமுகத்தை அவர்களிடமிருந்து பிடித்தார்கள் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கதையின் காலம் பொருந்தி வருகிறது. கோவில் 1771 வரை நாகப்பட்டினம் பங்கின் (ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள திருச்சபைப் பகுதி) கிளையாகவே இருந்தது. அந்த ஆண்டில்தான் தனிப்பங்கு ஆனது. 1962இல் திருத்தந்தை 23ஆம் யோவான் பேராலயமாக உயர்த்தினார்.

எந்த வரிசையில் பார்ப்பது?

எல்லோரும் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் வெள்ளைக் கோபுரத்தைப் பார்த்து நேராகப் பேராலயத்துக்குள் நுழைகிறார்கள். பிறகு நேரம் இருந்தால் மற்றவை. நான் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். கதை நடந்த வரிசையிலேயே போங்கள்: முதலில் குளம், அடுத்து நடுத்திட்டு, பிறகு பேராலயம், கடைசியில் கடல்.

மாதா குளம் பேராலயத்திலிருந்து பத்துப் பதினைந்து நிமிட நடை தூரத்தில் இருக்கிறது. குளம் என்றதும் படித்துறை, தாமரை என்று கற்பனை செய்துகொண்டு போனால் ஏமாந்துபோவீர்கள். அளவில் சிறியது, பக்கத்தில் ஒரு கோவில். தீர்த்தத்தைப் புட்டியில் பிடித்துப் போகிறவர்கள் இருப்பார்கள். அங்கே கொஞ்ச நேரம் உட்காருங்கள். பால்காரப் பையன் தூங்கிவிட்டான் என்பதை அந்த நிழலில் உட்கார்ந்தால் நம்பலாம்.

குளத்தையும் பேராலயத்தையும் இணைக்கும் மணல் பாதைக்குப் புனிதப் பாதை என்று பெயர். இயேசு சிலுவை சுமந்துபோன காட்சிகளான சிலுவைப்பாதை நிலைகளும், செபமாலை சொல்லும்போது நினைத்துப் பார்க்கும் நிகழ்ச்சிகளான மறையுண்மைகளும் வழிநெடுக உண்டு. இந்தப் பாதையில்தான் வேளாங்கண்ணி இருக்கிறது என்பேன். முழங்காலிட்டு நகர்ந்தே அந்தத் தூரம் முழுவதையும் கடப்பவர்களை அங்கே பார்க்கலாம். போன முறை போயிருந்தபோது ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் சேலையை முழங்காலுக்குக் கீழே மடித்துக் கட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் மகன் பின்புறமாக நடந்தபடியே இரண்டு துண்டுகளை மாற்றி மாற்றி மணலில் விரித்துக்கொண்டே போனான். அம்மா தாண்டிய துண்டை உருவி, உதறி, மறுபடி முன்னால் போடுவான். ஒரு தடவை அம்மா தலையை அசைத்தார். துண்டை எடுத்துவிடச் சொல்கிறார் என்று அவனுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. அதன் பிறகு வெறும் மணல்தான். அவன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்தில் நடந்தான். எதற்காக நேர்ந்துகொண்டார்கள் என்று நான் கேட்கவில்லை. இந்தப் பாதையில் யாரும் கேட்பதில்லை. நீங்களும் கேட்காதீர்கள், படமும் எடுக்காதீர்கள்.

பீங்கான் என்றீர்களே, அது என்ன?

நீங்கள் தவறவிடக் கூடாத பொருள். கோவில் கட்டிக்கொடுத்துவிட்டுப் போன போர்த்துக்கீசியர்கள் மறுபடி வந்தபோது வேதாகமக் காட்சிகள் தீட்டிய சீனப் பீங்கான் தட்டுகளைக் கொண்டுவந்து பீடத்தில் பதித்தார்கள். மாதா சுரூபத்தின் காலடியைச் சுற்றி இன்றும் அவை இருக்கின்றன. ஆனால் கவனிப்பவர்கள் மிகக் குறைவு. காரணம் எளிது: வரிசையில் நகர்ந்து பீடத்துக்கு எதிரே வரும்போது எல்லோருடைய கண்ணும் மேலே, மாதாவின் முகத்தின் மீது இருக்கும். ஜரிகைச் சேலை, தலையில் கிரீடம், கையில் கிரீடம் அணிந்த குழந்தை, கழுத்து நிறைய மாலை. இரண்டு நொடியில் தள்ளிவிடுவார்கள். அடுத்த முறை அந்த இரண்டில் ஒரு நொடியைக் கீழே செலவழியுங்கள். இந்த ஊரின் கதை முழுவதிலும் கண்ணால் பார்க்கக் கிடைக்கும் பழம்பொருள் அதுதான். சீனத்துப் பீங்கானில் பாலஸ்தீனத்துக் கதையைத் தீட்டி, அதைப் போர்த்துக்கீசிய மாலுமிகள் கொண்டுவந்து, சோழநாட்டுக் கடற்கரையில் பதித்திருக்கிறார்கள். நாற்பது முறை போன எனக்கு அது முப்பதாவது முறை வாக்கில்தான் கண்ணில் பட்டது.

இப்போது நாம் பார்க்கும் கட்டடம் எவ்வளவு பழையது?

பீடம் இருக்கும் பகுதிதான் பழையது. 20ஆம் நூற்றாண்டில் பக்கவாட்டுச் சிறகுகளைச் சேர்த்துச் சிலுவை வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1970களில் பின்புறம் இரண்டு தளங்களாக விரித்துக் கட்டினார்கள்; பிரான்சின் லூர்து பேராலயம் அதற்கு முன்மாதிரி. மேல்கோவில், கீழ்கோவில் என்று உள்ளூரில் சொல்வது இதைத்தான். வேளாங்கண்ணிக்குக் கீழ்த்திசை லூர்து என்ற பட்டமும் உண்டு. எனக்கு அந்த ஒப்பீட்டில் பெரிய விருப்பம் கிடையாது. லூர்துவில் பெர்னதெத் என்ற சிறுமி மாதாவைக் கண்டது 1858இல். நம் மோர்க்காரப் பையன் அதற்கு இரண்டரை நூற்றாண்டு மூத்தவன்.

கூட்டம் பெருத்துப்போனதால் அண்மைக் காலத்தில் கட்டிய விண்மீன் ஆலயம் தனியே இருக்கிறது. பிரம்மாண்டமானது. ஆயிரக்கணக்கானோர் உள்ளே உட்கார்ந்து பூசை காணலாம், அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

திருவிழாவுக்கே போக வேண்டும் என்று ஆசை. எப்படி இருக்கும்?

ஆகஸ்ட் 29 மாலை கொடியேற்றம். செப்டம்பர் 7 இரவு பெரிய தேர்பவனி. 8ஆம் தேதி மாதாவின் பிறப்புப் பெருவிழாவும் கொடியிறக்கமும். இடையில் உள்ள நாள்களில் தமிழ், மலையாளம், தெலுங்கு, கொங்கணி, இந்தி, மராத்தி, ஆங்கிலம் என்று பல மொழிகளில் பூசை நடக்கும். மாலையில் சிறிய தேர் வரும்.

முதல் தடவை போகிறவர்களுக்கு நான் கொடியேற்றத்தையே சொல்வேன், தேரை அல்ல. கொடியை ஊர்வலமாகத் தெருக்கள் வழியே கொண்டுவந்து, மறைமாவட்ட ஆயர் மந்திரித்து, கம்பத்தில் ஏற்றுவார்கள். கொடி உச்சியைத் தொட்டு விரியும்போது "மரியே வாழ்க" என்று எழும் சத்தம் கடற்கரை வரை கேட்கும். விளக்குகள் எல்லாம் ஒரே சமயத்தில் எரியும். அதற்காக நடந்தே வந்தவர்கள் சாலையில் அப்படியே உட்கார்ந்து அழுவார்கள். 7ஆம் தேதி தேரும் அழகுதான். சிறிய சப்பரங்கள் முன்னே போக, பெரிய தேரில் மாதா மிதந்து வருவார். ஆனால் அன்று நீங்கள் நடக்க மாட்டீர்கள், கூட்டம் உங்களைத் தூக்கிக்கொண்டு போகும். குழந்தைகளையும் முதியவர்களையும் அழைத்துப் போவதாக இருந்தால் 7, 8 தேதிகளைத் தவிர்த்துவிடுங்கள். பிடிவாதமாகப் போகிறவர்கள், பிள்ளையின் சட்டைப் பையில் உங்கள் தொலைபேசி எண்ணை எழுதிப் போடுங்கள். ஒலிபெருக்கியில் காணாமற்போன பிள்ளைகளின் பெயர் அறிவிப்பது அங்கே ஓயாது.

காவி உடுத்தி நடந்து வருகிறார்களே, அவர்கள் யார்?

பாதயாத்திரைக்காரர்கள். கொடியேற்றத்துக்கு முன்பே சென்னை, பெங்களூர், சேலம், திருச்சிப் பக்கங்களிலிருந்து குழுக்குழுவாகப் புறப்பட்டுவிடுவார்கள். காவிச் சேலை, காவி வேட்டி, கழுத்தில் செபமாலை. ஒரு சின்னத் தேரைச் சக்கரம் வைத்து இழுத்துக்கொண்டு வருவார்கள். அதில் மாதா, சீரியல் விளக்கு, ஒரு ஒலிபெருக்கி. சென்னையிலிருந்து நாளுக்கு 30, 35 கிலோமீட்டர் என்று நடந்தால் பத்து நாள் பிடிக்கும்.

நானும் ஒரு முறை காரைக்காலிலிருந்து மட்டும் அவர்களோடு நடந்திருக்கிறேன். முழுத் தூரமும் நடந்தவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். வழியில் ஊருக்கு ஊர் பந்தல் போட்டு நீர்மோர் ஊற்றினார்கள். ஒரு பந்தலில் பிள்ளையார் கோவில் வாசல், இன்னொன்றில் பள்ளிவாசல் பக்கத்துக் கடை. மோர் விற்ற பையனின் கோவிலுக்குப் போகிறவர்களுக்கு வழியெல்லாம் மோர் கிடைப்பது யாரும் திட்டமிட்டுச் செய்ததாகத் தெரியவில்லை, ஆவணி வெயிலில் வேறென்ன கொடுப்பது?

நடக்க நினைப்பவர்களுக்கு: புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பாதீர்கள். இரவில் நடந்தால் முதுகில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் லாரிகள் காத்திருக்காது. கொப்புளத்தை ஊசியால் குத்தாதீர்கள் என்று மருத்துவர்கள் சொல்வார்கள், குத்தி நூல் விடச் சொல்லிக் கூட வருகிற பாட்டிமார்கள் சொல்வார்கள். மருத்துவர் பேச்சைக் கேளுங்கள்.

மொட்டை, தொட்டில், பூட்டு... என்னென்ன நேர்த்திக்கடன்கள் உண்டு?

முடிக்காணிக்கை முதலில். அதற்கென்று தனி இடம் இருக்கிறது, சீட்டு வாங்கிக்கொண்டு போக வேண்டும். மொட்டை அடித்தவுடன் கடலில் முழுகிவிட்டுக் கோவிலுக்கு வருவது வழக்கம். குழந்தைக்குக் காது குத்துவதையும் இங்கேயே வைத்துக்கொள்கிறார்கள். பிள்ளை வேண்டுபவர்கள் தொட்டில் கட்டுவார்கள். வேண்டுதலை வைத்துப் பூட்டைப் பூட்டிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். தென்னங்கன்றைத் தோளில் சுமந்து வருவார்கள், ஆள் உயர மெழுகுவர்த்தி வாங்கி ஏற்றுவார்கள்.

கேட்டது கிடைத்தவர்கள் கொண்டுவந்து கொடுத்தவற்றைக் காணிக்கைப் பொருள் காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். வெள்ளியில் கண், கை, கால், சின்ன வீடு, சின்னத் தொட்டில். பக்கத்தில் நன்றிக் கடிதங்கள். பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம் என்று உள்ளே போய் ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தவன் நான். கடிதங்களைப் படியுங்கள்.

தங்க இடம் கிடைக்குமா?

சாதாரண நாள்களில் தாராளமாக. பேராலய நிர்வாகமே விடுதிகள் நடத்துகிறது, வாடகை நியாயமானது, அடையாள அட்டை கட்டாயம். தனியார் விடுதிகளுக்குக் குறைவே இல்லை. திருவிழாச் சமயத்தில் மாதக்கணக்கில் முன்பதிவு செய்யாவிட்டால் நாகப்பட்டினத்திலோ திருவாரூரிலோ தங்கிக்கொண்டு வந்து போவது உத்தமம்.

பஸ் நிலையத்தில் இறங்கும்போதே "ரூம் வேணுமா சார்" என்று பையைப் பிடித்து இழுப்பார்கள். ஒரு முறை இரவு பதினொரு மணிக்குச் சோர்ந்துபோய் அப்படி ஒருவர் பின்னால் போனேன். கடல் பார்த்த அறை என்றார். ஜன்னலைத் திறந்தால் அடுத்த விடுதியின் தண்ணீர்த் தொட்டி. கடலைப் பார்க்க அதன் மேல் ஏற வேண்டும். அறையைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

சாப்பாடு?

கடற்கரைச் சாலையின் இருபுறமும் மீன் கடைகள். மசாலா தடவிய வஞ்சிரமும் சங்கராவும் இறாலும் தட்டில் அடுக்கியிருப்பார்கள். நீங்கள் கை காட்டியதைப் பொரித்துக் கொடுப்பார்கள். ஏற்கெனவே பொரித்துக் குவித்திருப்பதை வாங்காதீர்கள், காலையில் பொரித்ததையே மாலையில் சூடாக்கித் தருவதும் உண்டு. விலையை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சைவ உணவகங்களும் இருக்கின்றன, குறை சொல்ல முடியாது, பாராட்டவும் முடியாது.

கடலில் குளிக்கலாமா?

எல்லோரும் குளிக்கிறார்கள். ஆனால் இது மெரினாவைப்போலவே ஏமாற்றுகிற கடல்: கால் நனைக்கிற இடத்திலிருந்து நாலு எட்டு வைத்தால் பள்ளம், திரும்பும் அலை காலுக்கடியில் மணலை உருவும். முழங்கால் ஆழத்துக்கு மேல் போகாதீர்கள். பிள்ளைகளின் கையை விடாதீர்கள். மொட்டை அடித்த குழந்தையோடு அலையில் இறங்கிப் படத்துக்குச் சிரிக்கும் அப்பாக்களைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும்.

சுனாமி வந்தபோது கோவிலுக்கு ஒன்றும் ஆகவில்லை என்கிறார்களே?

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிறு. கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டின் பல மூலைகளிலிருந்தும் வந்தவர்கள் காலையில் கடற்கரையில் இருந்தார்கள். கோவிலுக்குள் திருப்பலி. கரையையும் கடற்கரைக் கடைகளையும் அலை வாரிக்கொண்டு போனது. பேராலயத்துக்குள் தண்ணீர் புகவில்லை. உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள்.

நாகை மாவட்டத்தில் மட்டும் அன்று இறந்தவர்கள் ஆறாயிரத்துக்கும் மேல். வேளாங்கண்ணியில் ஊர் பேர் தெரியாமலேயே அடக்கம் செய்யப்பட்டவர்கள் பலர்; அவர்களுக்கு நினைவிடம் இருக்கிறது, ஆண்டுதோறும் அந்த நாளில் மெழுகுவர்த்தி ஏந்திப் போவார்கள். கோவில் தப்பியதை அதிசயம் என்று சொல்பவர்களோடு நான் வாதாடுவதில்லை. நினைவிடத்தின் முன்னால் நின்றுகொண்டு அந்தச் சொல்லைச் சொல்லவும் எனக்கு நா எழாது. அங்கேயும் ஐந்து நிமிடம் போய்வாருங்கள். வேன்கள் நிற்காத இடம் அது.

அக்கம்பக்கத்தில் என்ன பார்க்கலாம்?

நாகூர் தர்கா, சிக்கல் சிங்காரவேலர், வேளாங்கண்ணி மாதா: இந்த மூன்றையும் ஒரே நாளில் கும்பிட்டுவிட்டுப் போவது டெல்டாக்காரர்களின் பழைய வழக்கம். யாரும் அதற்கு மத நல்லிணக்கம் என்று பெயர் வைத்துக்கொண்டு போவதில்லை. வழியில் இருக்கிறது, போகிறோம். நாகூரில் இறங்கினால் இறால் வைத்த வாடா என்ற பலகாரத்தை விட்டுவிடாதீர்கள்.

வடக்கே போனால் தரங்கம்பாடி. டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டத் தொடங்கிய கோட்டை கடலோரம் நிற்கிறது. 1706இல் அங்கே வந்திறங்கிய ஜெர்மானிய லுத்தரன் பாதிரியார் சீகன்பால்கு தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டது அந்த ஊரில்தான். அது லுத்தரன் ஊர், மாதாவைத் தேடாதீர்கள். தெற்கே வேதாரண்யத்தில் 1930இல் ராஜாஜி உப்பு அள்ளிய கரையும், அதையும் தாண்டிக் கோடியக்கரைக் காடும் உண்டு. குளிர்காலத்தில் பறவைகள் வந்திருக்கும். திருச்சிப் பக்கம் திரும்புகிறவர்கள் திருக்காட்டுப்பள்ளிக்கு அருகே பூண்டி மாதா பேராலயத்திலும் ஒரு மணி நேரம் நிறுத்தலாம்.

வீட்டுக்கு என்ன வாங்கி வருவது?

மாதா எண்ணெய், மெழுகுவர்த்தி, செபமாலை, சுரூபம், சங்கில் செய்த சாமான்கள், பேரீச்சம்பழம், பொரிகடலை. சுரூபத்தை வாங்கியதும் கோவிலில் குருவானவரிடம் கொடுத்து மந்திரித்துக்கொள்வார்கள். அதற்குக் கட்டணம் கேட்டால் கேட்டவர் குருவானவர் அல்ல. எண்ணெய்ப் புட்டியின் மூடி எப்போதும் தளர்வாகவே இருக்கும். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி, நிற்கவைத்துக் கொண்டுவாருங்கள். எங்கள் வீட்டுத் துணிப்பைகளில் பாதிக்கு அந்த வாசனை ஏறிப்போய்விட்டது. அம்மா இருந்தவரை அவற்றைத் துவைக்க விட்டதில்லை.